முப்பத்து நான்கு கீபோர்டும் ஒரு டி கீயும்

கீபோர்டு கண்ட்ரோலர் ஒன்று வாங்குவதென்று புரொபசர் தீர்மானித்துப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. அதே பதினோரு மாதத்தில் எதிர்வீட்டுக்காரர் பழைய வீட்டை இடித்து, புது வீடு கட்டி, குடிவந்து, அது ஒழுகவும் ஆரம்பித்திருந்தது. புரொபசர் இன்னும் ஒப்பீட்டு அட்டவணையில் எட்டாவது பத்தியை நிரப்பிக்கொண்டிருந்தார்.

அவர் எந்தக் கல்லூரியிலும் புரொபசர் இல்லை. பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பொய்ப்பல் கட்டிக் கொடுக்கும் லேப் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை. சனி, ஞாயிறுகளில் நாலு பேர் கொண்ட ஒரு பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிப்பார். குழுவின் தலைவர் டிரம்ஸ் அடிப்பவர், பிழைப்புக்கு டயர் கடை. கிடார் வாசிப்பது புரொபசரின் மைத்துனன். பாடுவது புரொபசரின் மனைவி. டயர்க்கடைக்காரர்தான் ஒருநாள் இவருடைய விளக்கங்களைக் கேட்டு எரிச்சல் தாங்காமல் "போதும் புரொபசரே, பாட்டை ஆரம்பிங்க" என்றார். கிண்டலாகச் சொன்னதை இவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். இணையத்தில் கீபோர்டு ஆர்வலர்கள் கூடும் ஒரு குழுமத்தில் அந்தப் பெயரிலேயே சேர்ந்து, ஆலோசனை வழங்கத் தொடங்கினார்.

கண்ட்ரோலர் என்பது பார்க்கக் கீபோர்டு மாதிரியே இருக்கும். தனக்கென்று குரல் கிடையாது. எந்தக் கீயை எவ்வளவு அழுத்தமாக அமுக்கினோம் என்ற தகவலை மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். சத்தம் போடுவது கம்ப்யூட்டர். தான் எதுவும் செய்யாமல் மற்றவர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு கருவி புரொபசரை அவ்வளவு ஈர்த்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று மைத்துனன் சொல்வான்.

புரொபசரின் அட்டவணையில் முப்பத்து நான்கு மாடல்கள் இருந்தன. பத்தொன்பது பத்திகள். கீயின் அகலம், அமுக்கினால் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது, விட்டால் எவ்வளவு வேகத்தில் எழுகிறது, திருகுகள் எத்தனை, அந்தத் திருகுகளில் உண்மையிலேயே யாராவது திருகுவது எத்தனை. வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய, மேசையில் அடங்குகிற மாதிரி சின்னதாக வேண்டும். மேடையில் வாசிக்க, இரண்டு கையும் தாராளமாக ஓடுகிற மாதிரி நீளமாக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்று வேண்டும் என்பதுதான் சிக்கல். இதைப் பற்றிக் குழுமத்தில் புரொபசர் எழுதிய வாசகம் பிரசித்தம்: "வீட்டுக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று என்று இரண்டு வாங்குபவர், இரண்டையும் புரிந்துகொள்ளாதவர்." நானூற்றுப் பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். அதில் எத்தனை பேர் அப்புறம் ஒன்றாவது வாங்கினார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஆனால் அவருக்கு அவசரமாக ஒரு கீபோர்டு தேவைப்பட்டது. அந்தக் காரணத்தை அவர் குழுமத்திலும் எழுதவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

*

இரண்டு வருடத்துக்கு முன்னால், குழுவின் பழைய கீபோர்டில் நடுவாக இருக்கும் டி கீ மக்கர் பண்ணியது. இரண்டு கறுப்புக் கீக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்த வெள்ளைக் கீ. அமுக்கினால் சில சமயம் சத்தம் வரும், சில சமயம் வராது. டயர்க்கடைக்காரர் பழுதுபார்க்கக் கொடுக்கலாம் என்றார். "பழுதுபார்க்கிறவன் கையில கொடுக்கறதா? மனுஷன் வாயில மைக்ரான் கணக்குல வேலை பார்க்கிறவன் நான்" என்று சொல்லிப் புரொபசர் அதை லேப்புக்குத் தூக்கிப் போனார்.

திறந்து பார்த்தார். டி கீக்கு அடியில் இருந்த ரப்பர் குமிழ் தேய்ந்திருந்தது. பல்லுக்கு அச்செடுக்கும் சிலிகானைக் குழைத்து, பக்கத்துக் குமிழை அச்செடுத்து, அதேபோல ஒன்று வார்த்தார். முடி அளவு பிசகில்லை. அது அசையவே கூடாது என்று அடியில் பல் ஒட்டுகிற பசையையும் வைத்தார். மூடித் திருகினார். டி கீ வெண்ணெய் மாதிரி இறங்கியது, பூ மாதிரி எழுந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அதற்குமுன் சில சமயமாவது வரும். இனி எந்தச் சமயமும் வராது. பழைய குமிழின் நுனியில் மின்சாரம் பாய்வதற்காக ஒரு கருப்புப் பொட்டு இருந்தது என்பதை, அதைக் குப்பையில் போட்ட பிறகு நினைத்துப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் ஒத்திகையில் டயர்க்கடைக்காரர், "என்னாச்சு, சரியாச்சா?" என்று கேட்டார்.

"கம்பெனிக்காரன்கூட இப்படிப் பண்ணியிருக்க மாட்டான்" என்றார் புரொபசர். அது உண்மைதான்.

அவருடைய மனைவியின் சுருதி ஐந்து கட்டை. அந்தச் சுருதியில் டி இல்லாமல் பாட்டு காலூன்றி நிற்காது. ஆனால் அரைக் கட்டை ஏற்றி, ஐந்தரையில் வாசித்தால் டி பக்கமே போக வேண்டாம். அரைக் கட்டை இறக்கினாலும் போக வேண்டாம்தான். ஆனால் அதில் ஒரு கறுப்புக் கீ கூடுதலாக வரும். விரலுக்குக் கொஞ்சம் சிரமம். ஏற்றினால் விரலுக்குச் சிரமமில்லை, தொண்டைக்குத்தான் சிரமம். தொண்டை அவருடையது அல்ல.

"அரைக் கட்டை ஏத்தினா பாட்டுல ஒரு மினுக்கம் வரும். இப்ப உலகம் பூரா அப்படித்தான் பண்றாங்க" என்று அறிவித்தார்.

இதற்கு ஒரு பொத்தானில் தீர்வு இருந்தது. எல்லாக் கீபோர்டிலும் ட்ரான்ஸ்போஸ் என்று ஒன்று உண்டு. விரல் போகிற இடத்துக்குப் போகட்டும். பொத்தானை அமுக்கினால் சுருதி மட்டும் ஏறும், இறங்கும். ஐந்தரையில் வாசித்தபடியே அதை ஒரு தடவை அமுக்கினால் ஐந்தில் கேட்கும். புரொபசருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்புதான் அந்தப் பொத்தானைப் பற்றி அவர் குழுமத்திலும், குழுவிலும், ஒருமுறை மேடையில் மைக்கிலுமே கருத்துச் சொல்லியிருந்தார். "ட்ரான்ஸ்போஸ்ங்கறது பொய்ப்பல் மாதிரி. சிரிக்கலாம், கடிக்க முடியாது." இருபத்திரண்டு வருடமாகப் பொய்ப்பல்லில் சோறு தின்கிறவர் சொன்னது என்பதால் அதற்குத் தனி மதிப்பு ஏற்பட்டிருந்தது.

ஆகவே பொத்தான் அமுக்கப்படாமல் இருந்தது. மனைவி இரண்டு வருடமாக அரைக் கட்டை ஏறிப் பாடிக்கொண்டிருந்தாள்.

*

மனைவிக்கு மின்வாரியத்தின் புகார்ப் பிரிவில் வேலை. நாள் முழுக்கப் போனை எடுத்து, கரண்ட் போய்விட்டது என்று கத்துகிறவர்களிடம் பதமாகப் பேசி, படிவத்தில் எழுதி, "ஆள் கிளம்பியாச்சு, வந்துட்டே இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். அவளுடைய குரலுக்காகவே சிலர் கரண்ட் இருக்கும்போதும் கூப்பிட்டுக் கேட்பதாக மைத்துனன் சொல்வான்.

அவளுக்கென்று ஒரு பாட்டு உண்டு. நடுவில் ஓர் இடத்தில் குரல் படிப்படியாக ஏறி, உச்சியில் நாலு எண்ணிக்கை நிற்க வேண்டும். முன்பெல்லாம் அந்த இடத்தில் கூட்டம் கைதட்டும். இப்போது அந்த இடம் வரும்போது டயர்க்கடைக்காரர் சிம்பலை ஓங்கி அடித்து மறைக்கிறார். குரல் உச்சியில் போய்ப் பிசிறுகிறது. அவள் உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். ஐஸ் தண்ணீரை விட்டாள். தொண்டை டாக்டரிடம் போனாள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை நல்லாத்தான் இருக்கு, வயசுன்னு ஒண்ணு இருக்கில்லையா" என்றார்.

அது அவள் மனதில் தைத்துவிட்டது. ஒரு காலை, போட்டிருந்த காபி ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் சொன்னாள்:

"டயர்க்கடை அண்ணன்கிட்ட சொல்லிட்டேங்க. இருபதாம் தேதி கண்ணாடி ஃபேக்டரி ஆண்டு விழாதான் எனக்குக் கடைசி. வேற ஒரு பொண்ணு பாடுதாம், அதுக்கு அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லப் போறாராம்."

புரொபசர் வாயில் இருந்ததை விழுங்கினார். "எதுக்கு? நல்லாத்தானே பாடுற?"

"நல்லா இருந்தா அவர் ஏன் அந்த இடத்துல அந்த அடி அடிக்கிறார்? பரிதாபப்பட்டு ஒருத்தர் தட்டு அடிச்சு மறைக்கிற அளவுக்கு ஆன பிறகு பாடக் கூடாதுங்க." டம்ளரை நகர்த்தினாள். "நிறுத்துறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டை வீட்டுலயே ஒரு தடவை ஒழுங்கா பதிஞ்சு வெச்சுக்கணும். அதுக்குள்ள உங்க கீபோர்டு வந்துடுமா?"

"வந்துட்டே இருக்கு."

"இதை நான் ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்றேன். எனக்கே சொல்றீங்களா?"

புரொபசர் அன்று லேப்பில் ஒரு கடைவாய்ப்பல்லை முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டார். அவருடைய திட்டம் எளிமையானது. புதுக் கீபோர்டு வரும். அதில் டி கீ வேலை செய்யும். சத்தமில்லாமல் சுருதியை ஐந்துக்கு இறக்கிவிடலாம். குரல் தானாகத் திரும்பிவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இந்தத் திட்டத்தில் இருந்த ஒரே குறை, அதற்கு ஒரு கீபோர்டை வாங்க வேண்டும் என்பது. வாங்கினால் முப்பத்து மூன்று கீபோர்டுகள் வாங்கப்படாமல் போகும். அவற்றில் ஒன்று இதைவிடச் சிறந்ததாக இருந்து தொலைத்தால்?

*

சனிக்கிழமை கடைக்கு அவளும் கூட வந்தாள். "நான் பார்த்துக்கறேன், உனக்கு எதுக்கு அலைச்சல்" என்றதற்கு, "பதினோரு மாசம் பார்த்தது போதும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இசைக்கருவிக் கடையில் கண்ட்ரோலர்கள் சுவரோரம் இரண்டு தட்டாக அடுக்கியிருந்தன. கடைப் பெண் கழுத்தில் ஹெட்போனோடு வந்து, "வீட்டுக்கா சார், மேடைக்கா?" என்று கேட்டாள்.

"அந்தக் கேள்வியே தப்பு" என்றார் புரொபசர்.

"ஓ" என்றாள் கடைப் பெண். "நீங்களும் அந்தக் குரூப்புல இருக்கீங்களா சார்? புரொபசர்னு ஒருத்தர் எழுதுவாரே. அதைப் படிச்சுட்டு வர்றவங்க இதே வார்த்தையத்தான் சொல்வாங்க."

புரொபசர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "அவர் எழுதறதுல விஷயம் இருக்குமே?"

"இருக்கும் சார். ஆனா அதைப் படிச்சுட்டு வர்றவங்க யாரும் எதையும் வாங்கினதில்லை. ஒரு மணி நேரம் அமுக்கிப் பார்த்துட்டு, இன்னும் கொஞ்சம் படிக்கணும்னு போயிடுவாங்க. எங்க முதலாளி அவரைத் தேடிக்கிட்டிருக்கார்."

மனைவி மேல்தட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

புரொபசர் வேலையில் இறங்கினார். முதல் கீபோர்டின் நடு டி கீயை அமுக்கினார். அடுத்ததற்குப் போனார், டி. அதற்கடுத்தது, டி. குனிந்து, கீழ்த்தட்டில் இருந்ததில் டி. இப்படியே பதினொன்றை முடித்தார்.

கடைப் பெண் கொஞ்ச நேரம் பொறுத்தாள். "எல்லாரும் சி-ல ஆரம்பிப்பாங்க சார். சிலர் ஒரு பாட்டு வாசிப்பாங்க. நீங்க மட்டும் டி-யையே அமுக்கிப் பார்க்கறீங்களே, அதுல ஏதாவது விசேஷமா?"

"அது... ஒரு முறை இருக்கு. கீபோர்டோட மையப் புள்ளி அது. ரெண்டு பக்கமும் சமமா..."

"ஓ, அப்படியா சார்" என்றாள் கடைப் பெண், மரியாதையாக.

மனைவி திரும்பிப் பார்த்தாள். கரண்ட் எத்தனை மணிக்குப் போனது என்று மாற்றி மாற்றிச் சொல்கிறவர்களிடம் போனில் எப்படி மௌனமாக இருப்பாளோ, அப்படி இருந்தாள். பிறகு மேல்தட்டுக்கு வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். வைத்தாள். இன்னொன்றைத் தூக்கினாள்.

"இதை யார் தூக்கிட்டு மூணு மாடி ஏறப் போறது?"

"அது எண்பத்தெட்டு கீ. பியானோ மாதிரியே கனமான..."

"கனம் தெரியுது. யார் தூக்கறதுன்னு கேட்டேன்." புரொபசருக்கு இடுப்புப் பிடிப்பு உண்டு, கேள்வி பதிலை எதிர்பார்த்ததல்ல. அவள் அறுபத்தோரு கீ உள்ள ஒன்றைத் தூக்கி, கைக்குள் இடுக்கி, இரண்டு எட்டு நடந்து பார்த்தாள். தன் துப்பட்டாவால் அதன் நீளத்தை அளந்தாள். "பீரோ மேல வைக்கலாம். நம்ம மேசையில வெச்சா ஜன்னல் திறக்கும். இதுக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?"

"லேப்டாப்லேர்ந்து இந்த ஒயர் வழியா மேடம்" என்றாள் கடைப் பெண்.

"மேடையில யாராவது இந்த ஒயர்ல காலை விட்டா? எங்க அண்ணன் டிரம்ஸுக்குப் போறப்ப எல்லாத்துலயும் காலை விடுவார்."

கடைப் பெண் பின்பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒயரைச் சுற்றி மாட்டி இழுத்தாலும் வராதபடி ஒரு கொக்கி இருந்தது. மனைவி இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"இது போதும்."

நாலு நிமிடம் ஆகியிருந்தது. புரொபசரின் பத்தொன்பது பத்திகளில் கொக்கிக்கு என்று ஒரு பத்தி இல்லை. அவர் கடைசி முயற்சியாக, "இதோட எழுத்து ரொம்பப் பெரிசா இருக்கே, பாரு. இந்தச் சிவப்பு நம்பரெல்லாம் எட்டு ஊருக்குத் தெரியும்" என்றார்.

"உங்களுக்குக் கண்ணாடி மறந்துபோற நாளைக்கு உதவும்" என்றாள் அவள்.

*

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் பதிவு. மேசையில் லேப்டாப், அதோடு புதுக் கண்ட்ரோலர், ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர் மொட்டைமாடியில் ஒழுகலைத் தேடிக்கொண்டிருந்தார். மனைவி மைக்குக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

புரொபசர் ஐந்து கட்டையில் ஆரம்பித்தார். பெருமிதமாகத்தான் ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் டி வர வேண்டும். விரல் அதன் மேலாகத் தாண்டிப் போய்விட்டது. நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் தாண்டியது. மெதுவாக வாசித்தால் டி-யில் விரல் இறங்கியது. பாட்டின் வேகத்துக்கு வந்தால், சூடுபட்ட பூனை மாதிரி அந்த ஒரு கீயைக் கண்டு ஒதுங்கியது. இரண்டு வருடமாக அதைத் தொடாதே, தொடாதே என்று பழக்கியிருந்தார். விரல்கள் அவரை மாதிரி இல்லை. ஒன்றைக் கற்றுக்கொண்டால் அதன்படி நடந்தன. டி இல்லாத பாட்டு, முன்பல் போன ஆள் சிரித்த மாதிரி இருந்தது. அதை அவர் வேலை நேரத்தில் தினமும் பார்க்கிறவர், அடையாளம் தெரிந்தது.

"என்னங்க?"

"லேட்டன்சி" என்றார். "அமுக்கறதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல கம்ப்யூட்டர் கொஞ்சம் லேட் பண்ணுது."

"ஒரே ஒரு கீக்கு மட்டுமா லேட் பண்ணுது?"

புரொபசர், "நம்ம வழக்கமான சுருதிக்கே போயிடலாம்" என்று ஐந்தரைக்குப் போனார். விரல்கள் ஓடின. அவள் பாடினாள். அந்த இடம் வந்தது. ஏறினாள், உச்சியில் பிசிறியது. இங்கே சிம்பல் இல்லை. லேப்டாப் அதைத் துல்லியமாகப் பதிவு செய்தது. திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். அவள் ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி வைத்தாள்.

"அந்தப் பழைய கீபோர்டு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"பீரோ மேல. ஏன்?"

"சும்மாதான்."

*

திங்கட்கிழமை புரொபசர் வேலை முடிந்து வீடு வந்தபோது, பழைய கீபோர்டு சாப்பாட்டு மேசையில் உறை கழற்றி வைக்கப்பட்டிருந்தது. நடு டி கீயின் மேல் ஒரு காகிதம். மின்வாரியத்தின் அச்சிட்ட படிவம். அவளுடைய உருண்டை எழுத்தில் பூர்த்தி செய்யப்பட்டிருந்தது.

புகார் அளித்தவர்: பாடகி. பழுது: ஒரு இணைப்பில் மட்டும் மின்சாரம் இல்லை. எவ்வளவு நேரமாக: இரண்டு வருடம். முன்பு புகார் தெரிவிக்கப்பட்டதா: இல்லை, மறைக்கப்பட்டது. கீழே, காரணம் என்ற இடத்தில் வழக்கமாக அச்சிட்டிருக்கும் கட்டங்கள்: காற்று மழை, மரம் விழுந்தது, எலி கடித்தது, பணியாளர் தவறு. எதிலும் குறி போடவில்லை.

அவள் சமையலறை வாசலில் நின்றாள்.

"திறந்து பார்த்தீங்களா?" என்று அவளை ஏன் மரியாதைப் பன்மையில் கேட்டார் என்று புரொபசருக்கே தெரியவில்லை.

"தம்பியை வரச் சொல்லித் திறந்தோம். ரப்பர் வெச்சிருக்கீங்க."

"சிலிகான்."

"ரப்பர்ல கரண்ட் போகுமாங்க? எங்க லைன்மேன் கையில மாட்டறது என்னன்னு நினைச்சீங்க?"

புரொபசர் உட்கார்ந்தார். அடுத்து வந்த பேச்சு வராமலே இருந்திருக்கலாம். "அரைக் கட்டைதானே ஏத்தினேன்."

"அரைக் கட்டைதான். நீங்க ஏறிப் பாருங்க." அவள் குரல் உயரவில்லை, புகார்ப் பிரிவில் உயர்த்தக் கூடாது என்று விதி. "ரெண்டு வருஷம் உப்புத் தண்ணி கொப்பளிச்சேன். வெளியில ஒரு ஐஸ்கிரீம் சாப்பிடலை. டாக்டர் எனக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னப்ப நீங்க பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டினீங்க. நான் பார்த்தேன்."

"நான் பொதுவா தலையாட்டினேன்..."

"சனிக்கிழமை என் சுருதியில வாசிங்க. எப்படி வாசிப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. அதுலயும் பிசிறினா என் தொண்டைதான் காரணம்னு நான் போய்க்கிட்டே இருக்கேன். பிசிறலைன்னா யார் காரணம்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க." படிவத்தைச் சுட்டினாள். "தோசைக்குச் சட்னி வேணுமா, பொடியான்னு சொல்லுங்க" என்று கேட்கிற அதே தொனிதான். அது அவரை மேலும் கலக்கியது.

அந்த ஐந்து நாளும் லேப்பிலிருந்து வந்து சாதகம் செய்தார். டி, டி, டி என்று சுவர் காது புளிக்க அமுக்கினார். மெதுவாக வந்தது. வேகத்தில் ஒதுங்கியது. வெள்ளிக்கிழமை விரலில் பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தார். பிளாஸ்டரும் ஒதுங்கியது.

*

கண்ணாடி ஃபேக்டரியின் உணவுக்கூடத்தில் ஒரு பக்கம் மேடை போட்டிருந்தார்கள். வருகை தந்தவர்கள் மேடைக்கு எதிர்ப்பக்கம், பரிமாறுகிற இடத்தில் கூடியிருந்தார்கள். டயர்க்கடைக்காரர் டிரம்ஸுக்குப் போகும் வழியில் எதிர்பார்த்தபடியே ஒயரில் காலை விட்டார். கொக்கி பிடித்தது. மனைவி புரொபசரைப் பார்க்கவில்லை, கொக்கியைப் பார்த்தாள்.

ஒலி சரிபார்க்கும்போது புரொபசர் ஐந்து கட்டையில் பாட்டின் முதல் வரிகளை ஓட்டினார்.

"புரொபசரே, நடுவுல எதையோ முழுங்கறீங்களே" என்றார் டயர்க்கடைக்காரர். "புது கீபோர்டு, புது வியாதியா?"

"அதோட சுருதியையும் மாத்திட்டீங்க போல?" என்றான் மைத்துனன். அவன் முகத்தில் அனாவசியமான அப்பாவித்தனம் இருந்தது. பழைய கீபோர்டைத் திறந்தவன் அவன்தானே. "மினுக்கம் போயிடுமே அத்தான்."

மேலாளர் இரண்டு வார்த்தை பேச வந்து இருபது நிமிடம் பேசினார். அப்புறம் மூன்று பாட்டு மைத்துனன் பாடினான். நான்காவது அவளுடையது. அவள் மைக்குக்கு வந்து நின்று, தண்ணீர் ஒரு மிடறு குடித்து, பாட்டிலை மூடினாள். மூடியைத் தேவைக்கு மேல் இரண்டு சுற்றுத் திருகினாள். அவளுக்குப் பயமாக இருந்தது என்பதைப் புரொபசர் அப்போதுதான் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் மேடையில் பயந்து அவர் பார்த்ததில்லை; அல்லது அவர் கவனித்ததில்லை, அவ்வளவுதான்.

டயர்க்கடைக்காரர் குச்சிகளைத் தட்டி ஒன்று, இரண்டு எண்ணத் தொடங்கினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் புரொபசர். மைக் திறந்திருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

அவர் கையை நீட்டி, இடது ஓரத்தில் இருந்த ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தடவை அமுக்கினார். கண்ட்ரோலரின் நெற்றியில் சிவப்பாக, கட்டைவிரல் உயரத்துக்கு, மைனஸ் ஒன்று என்று எரிந்தது. உண்மையிலேயே எட்டு ஊருக்குத் தெரிகிற எழுத்துதான்.

மைத்துனன் எட்டிப் பார்த்தான். "அத்தான், இது அது இல்லையே?"

"அதுதான்."

"பொய்ப்பல்?"

"பொய்ப்பல்தான். வாசிடா."

விரல்கள் தங்களுக்குத் தெரிந்த ஐந்தரைப் பாதையிலேயே, டி-யை மதிக்காமல் ஓடின. ஸ்பீக்கரிலிருந்து ஐந்து கட்டையில், டி உட்பட எல்லாச் சுரமும் குறையில்லாமல் வந்தது. கேட்டவர்கள் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மனைவி மட்டும் முதல் வரியில் தலையை லேசாகச் சாய்த்தாள், பழைய வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்க்கிறவள் மாதிரி.

அந்த இடம் வந்தது. டயர்க்கடைக்காரர் பரிதாபத்தோடு சிம்பலுக்குக் குச்சியை ஓங்கினார். அவள் ஏறினாள். ஒரு படி, இரண்டு படி, உச்சி. நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குச்சி அந்தரத்திலேயே இருந்தது. அவள் ஐந்தாவது எண்ணிக்கையும் நின்றாள். அது பாட்டில் இல்லை, புரொபசருக்காக.

கூடத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் கையில் தட்டு இருந்தது.

"என்ன தங்கச்சி, என்ன மருந்து சாப்பிட்ட?" என்றார் டயர்க்கடைக்காரர், இறங்கிய பிறகு.

"மருந்து ஒண்ணும் இல்லண்ணே. லைன்ல கோளாறு. ஆள் வந்து சரி பண்ணிட்டாங்க."

"அப்ப வியாழக்கிழமை அந்தப் பொண்ணை..."

"வர வேண்டாம்னு சொல்லிடுங்க. இல்ல, வேண்டாம்" என்று யோசித்தாள். "வரட்டும். ஆனா அவளோட சுருதி என்னன்னு முதல்ல அவளைக் கேளுங்க."

*

மறுநாள் காலை குழுமத்தில் யாரோ வழக்கம்போல, வீட்டுப் பதிவுக்கும் மேடைக்கும் சேர்த்து எந்தக் கண்ட்ரோலர் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். புரொபசர் அட்டவணையைத் திறந்தார், மூடினார். "கூடப் பாடுகிறவரைக் கடைக்கு அழைத்துப் போகவும். ட்ரான்ஸ்போஸ் பொத்தான் பெரிதாக இருக்கட்டும்" என்று எழுதினார். மூன்று பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். ஒருவர், புரொபசரின் கணக்கை யாரோ திருடிவிட்டதாக எச்சரித்திருந்தார்.

சாப்பாட்டு மேசையில் படிவம் பேனாவோடு காத்திருந்தது. புரொபசர் கட்டங்களை மேலிருந்து கீழே படித்தார். கை தானாக "எலி கடித்தது" என்ற கட்டத்துக்குப் போய் ஒரு குறி போட்டது.

அவள் போனில் பொறுத்திருப்பது போலப் பொறுத்திருந்தாள்.

அவர் அதை அடித்தார். "பணியாளர் தவறு" என்பதில் குறி போட்டார். அதற்கடியில் விவரம் எழுத ஒரு வரி இடம்தான் இருந்தது. நிறைய எழுத நினைத்து, "சொல்லியிருக்கணும்" என்று எழுதி, கையெழுத்திட்டார். எழுத்துப் பிழை பார்க்கிறவள் போல அவள் இரண்டு தடவை படித்து, நாலாக மடித்து, மளிகைச் சீட்டுகள் வைக்கிற டப்பாவில் போட்டாள்.

"சரி, புகார் முடிஞ்சுது. ரெக்கார்டிங் எப்ப?"

"வந்துட்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். எதிர்வீட்டு மாடியில் கொத்தனார் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். ஒயரைக் கொக்கியில் மாட்டினார். சிவப்பு எழுத்தில் மைனஸ் ஒன்று தானாகவே எரிந்தது. நேற்று மேடையிலிருந்து இறங்கும்போது அவர் அதை மாற்றியிருக்கவில்லை.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமாமலே ஆரம்பித்தாள்.